பழைய திரைப்படங்களும் அவற்றின் வீட்டுப் பதிப்புகளும்

திரையரங்குகளில் வெளியாகிப் பல ஆண்டுகள் கழிந்த படங்களை இன்று நாம் பெரும்பாலும் வீட்டுப் பதிப்புகளில்தான் காண்கிறோம். ஒரு பாடகரின் குரலைப் பற்றியும் ஓர் ஒளிப்பதிவாளரின் திறமையைப் பற்றியும் இளைய தலைமுறையினர் கொள்ளும் அபிப்பிராயத்துக்கு இப்பதிப்புகளே ஆதாரம். அந்த ஆதாரம் எவ்வளவு நம்பத்தக்கது என்பதைச் சற்று ஆராய்வோம்.

படச்சுருளில் வரிசையாக அமைந்துள்ள சிறு நிழற்படங்களைக் கட்டங்கள் என்போம். பேசும் படம் நிலைபெற்றது முதல், வினாடிக்கு 24 கட்டங்கள் என்பதே திரையரங்குகளின் நியதி. ஆனால் இந்தியா மேற்கொண்ட ‘பால்’ தொலைக்காட்சி முறையில் வினாடிக்கு 25 கட்டங்கள் தேவை. இல்லாத ஒரு கட்டத்தை எங்கிருந்து பெறுவது? படத்தையே சற்று வேகமாக ஓட்டிப் பதிவு செய்வதே வழக்கமாயிற்று. வேகம் நூற்றுக்கு நான்குக்குச் சற்று அதிகமாகக் கூடுகிறது. 150 நிமிடப் படம் 144 நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. நடையிலும் ஓட்டத்திலும் இவ்வேறுபாட்டைக் கண் எளிதில் உணர்வதில்லை. செவி அவ்வாறு ஏமாறுவதில்லை. ஒலியும் அதே விகிதத்தில் விரைவதால், ஒரு கட்டைச் சுருதியில் பதிவான பாட்டு, ஒன்றரைக் கட்டையை நோக்கி ஏறத்தாழ முக்கால் பங்கு தூரம் உயர்ந்துவிடும். குரல் மெலிந்து, இளமையாகவும் கூர்மையாகவும் ஒலிக்கும். சுருதியைத் தனியே இறக்கும் சாதனங்கள் பின்னர் வந்தனவாயினும், எல்லாப் பதிப்புகளிலும் அவை உபயோகிக்கப்படவில்லை.

அமெரிக்காவில் வழங்கிய முறையில் இக்குறை இல்லை. அங்கு கட்டங்களின் பகுதிகளை ஒருமுறை இரண்டாகவும் மறுமுறை மூன்றாகவும் திருப்பிக் காட்டி, 24ஐ 30 ஆக்கினர். நேரம் மாறாது, ஆனால் காமிரா மெதுவாகத் திரும்பும் காட்சிகளில் ஒருவகைத் தயக்கம் தென்படும். ஆகவே ஒரே படத்தின் இரு தட்டுகள், ஒரு காட்சியும் வெட்டப்படாமலே, ஆறு நிமிடம் வேறுபடலாம். 24 கட்டங்களை அப்படியே ஏற்கும் புளூ-ரே தட்டு வந்த பிறகே இச்சிக்கல் தீர்ந்தது. பழைய வீடியோப் பதிவிலிருந்து தயாரித்தால் அதிலும் தீராது.

அடுத்தது சட்டத்தின் வடிவம். குரு தத் இயக்கி 1959ல் வெளியான ‘காகஸ் கே பூல்’ இந்தியாவின் முதல் ஸினிமாஸ்கோப் படம். இம்முறையில் உயரம் ஒன்றாயின் அகலம் 2.35. பழைய தொலைக்காட்சித் திரையின் அகலமோ 1.33தான். திரை முழுவதையும் நிரப்ப விரும்பினால் படத்தின் அகலத்தில் நூற்றுக்கு 57 பங்கே எஞ்சும். இப்படத்தின் புகழ்பெற்ற பாடற்காட்சியில், ஒளிப்பதிவாளர் வி. கே. மூர்த்தி பெரிய கண்ணாடிகளால் சூரியவொளியைத் திருப்பி, இருண்ட ஸ்டூடியோவினுள் ஒரு கற்றையாகப் பாய்ச்சினார். நாயகனும் நாயகியும் விலகி நிற்க, அவ்விருவருக்குமிடையே உள்ள வெறுமையே அக்காட்சியின் பொருள். பக்கங்களை வெட்டினால் ஒருவர் தெரிவார், அல்லது வெறுமை மட்டும் தெரியும். மேலும், விளக்கெரியும் கூடத்தில் பார்ப்பவர்களுக்காகப் பதிப்பாளர் படத்தை வெளுப்பாக்கினால் மூர்த்தியின் இருளும் போய்விடும். பக்கங்களை வெட்டுவதைவிட, மேலும் கீழும் கறுப்புப் பட்டைகளை விட்டு முழுப் படத்தையும் சிறிதாகக் காட்டுவதே மேல் என்பது என் கருத்து. திரையின் ஒரு பகுதி வீணாகிறது என்று குறைபடுவோர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இன்றைய அகன்ற தொலைக்காட்சியில் தவறு தலைகீழாகிறது. அதன் அகலம் 1.78. 1955ல் வெளியான ‘பதேர் பாஞ்சாலி’ போன்ற படங்களின் அகலம் 1.37. அத்தகைய படத்தைத் திரை நிறையக் காட்டினால் உயரத்தில் ஏறக்குறைய கால் பங்கு போய்விடும். பக்கவாட்டில் இழுத்தால் மனிதர் பருத்துத் தோன்றுவர்.

வீட்டுப் பதிப்பால் இழப்பு மட்டுமே என்பதும் சரியன்று. 1975ல் வெளியான ‘ஷோலே’யின் முடிவு தணிக்கையால் மாற்றப்பட்டது. கப்பர் சிங் கொல்லப்படும் மூல முடிவைத் திரையரங்கில் அன்று கண்டவர் இல்லை. பிற்கால வீடியோப் பதிப்புகளிலேயே மக்கள் அதைக் கண்டனர். புதுப்பிக்கப்பட்ட படம் அம்முடிவுடன் 2025 ஜூனில் இத்தாலியின் போலோன்யா நகரில் திரையிடப்பட்டது.

கையிலுள்ள தட்டைச் சோதிக்க ஓர் எளிய கணக்கு உண்டு. இந்தியப் படங்களின் தொடக்கத்தில் தோன்றும் தணிக்கைச் சான்றிதழில் படச்சுருளின் நீளம் குறிக்கப்பட்டிருக்கும். 35 மில்லிமீட்டர் சுருளில் ஓர் அடிக்கு 16 கட்டங்கள். எனவே நிமிடத்துக்கு 90 அடி, அதாவது ஏறக்குறைய 27.4 மீட்டர், ஓடும். சான்றிதழில் 13,500 அடி என்றிருந்தால் படம் 150 நிமிடம் ஓட வேண்டும். தட்டு 144 நிமிடம் ஓடினால் வேகம் கூட்டப்பட்டிருக்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். அதனினும் குறைந்தால் கத்தரிக்கோல் வேலை செய்திருக்கிறது. 150ஐத் தாண்டினால் அரங்கில் காட்டப்படாத ஏதோ ஒன்று சேர்ந்திருக்கிறது.