மக்கள் அனுப்பிய 489 பேர்

ஒரு சிறிய அறை. அறையில் இரும்புப் பெட்டிகள் வரிசையாக வைக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு படம் ஒட்டியிருக்கிறது. ஒன்றில் நுகம் பூட்டிய இரண்டு காளைகள். ஒன்றில் கதிரும் அரிவாளும். ஒன்றில் மரம். ஒன்றில் குடிசை. ஒன்றில் விளக்கு.

கையில் ஒரு சீட்டுடன் ஒரு பெண் உள்ளே வருகிறார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் படம் தெரியும். தனக்குப் பிடித்த சின்னம் உள்ள பெட்டியில் சீட்டைப் போடுகிறார். வெளியே வந்துவிடுகிறார். அவர் எந்தப் பெட்டியில் போட்டார் என்று வேறு யாருக்கும் தெரியாது.

நம் நாட்டின் முதல் பொதுத் தேர்தல் இப்படித்தான் நடந்தது. இந்தத் தேர்தலில் மக்கள் 489 பேரைத் தேர்ந்தெடுத்து டில்லிக்கு அனுப்பினார்கள். அவர்கள் யார்? ஐந்து ஆண்டுகளில் என்ன செய்தார்கள்? இந்தப் பாடத்தில் படிப்போம்.

முதல் தேர்தல்

தேர்தல் 1951 அக்டோபர் 25 அன்று தொடங்கியது. 1952 பிப்ரவரி 21 வரை நடந்தது. ஏறத்தாழ நான்கு மாதங்கள்!

இமயமலையில் பனி விழுந்தால் வழி அடைபட்டுவிடும். ஆகவே இமாசலப் பிரதேசத்தின் மலை ஊர்களில் முதலில் வாக்குப்பதிவு நடந்தது. சினி என்ற ஊரில் பள்ளி ஆசிரியர் சியாம் சரண் நேகி முதல் நாளே வாக்களித்தார். அதன்பின் அவர் வாக்களிக்கத் தவறவே இல்லை. 2022 நவம்பரில் தமது 105ஆம் வயதில் இறந்தார். இறப்பதற்கு மூன்று நாட்கள் முன்பும் வாக்களித்திருந்தார்.

அப்போது நாட்டில் சுமார் 17 கோடியே 32 லட்சம் வாக்காளர்கள் இருந்தார்கள். 21 வயது நிறைந்த ஆண், பெண் எல்லோருக்கும் வாக்கு உண்டு. பணக்காரருக்கும் ஒரு வாக்கு. கூலித் தொழிலாளிக்கும் ஒரு வாக்கு. வெள்ளைக்காரர் ஆட்சியில் இப்படி இல்லை. சொத்து, படிப்பு, வரி ஆகியவற்றைப் பார்த்துத்தான் அப்போது வாக்கு கொடுத்தார்கள்.

1951 கணக்கெடுப்பின்படி நூற்றுக்குப் பதினெட்டுப் பேருக்குத்தான் எழுதப் படிக்கத் தெரியும். "படிக்காத மக்கள் எப்படி வாக்களிப்பார்கள்?" என்று பலர் சந்தேகப்பட்டார்கள். அதற்காகத்தான் ஆளுக்கு ஒரு பெட்டி, பெட்டிக்கு ஒரு சின்னம் என்ற ஏற்பாடு. 20 லட்சம் இரும்புப் பெட்டிகள் செய்தார்கள். தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் இந்தப் பெரிய வேலையை நடத்தினார். நூற்றுக்குச் சுமார் 45 பேர் வந்து வாக்களித்தார்கள்.

பெயர் சொல்லாத பெண்கள்

இந்தத் தேர்தலில் ஒரு வருத்தமான செய்தியும் உண்டு.

பட்டியல் எழுத அலுவலர்கள் வீடு வீடாகப் போனார்கள். "அம்மா, உங்கள் பெயர் என்ன?" என்று கேட்டார்கள். பல பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லவில்லை. "நான் இன்னாருடைய மனைவி", "நான் இன்னாருடைய தாய்" என்றுதான் சொன்னார்கள். வெளியாரிடம் பெயர் சொல்வது வழக்கம் இல்லை என்று நினைத்தார்கள்.

சொந்தப் பெயர் இல்லாமல் வாக்காளர் பட்டியலில் இருக்க முடியாது என்று தேர்தல் ஆணையம் கூறியது. ஏறத்தாழ 28 லட்சம் பெண்களின் பதிவுகள் நீக்கப்பட்டன. பீகார், உத்தரப் பிரதேசம், ராஜஸ்தான் முதலிய வட மாநிலங்களில் இது அதிகம் நடந்தது. அவர்களுக்கு உரிமை இருந்தது. பெயர் இல்லாததால் அந்த உரிமை கைக்கு வரவில்லை.

யார் யார் போனார்கள்?

நாடாளுமன்றத்தில் இரண்டு அவைகள் உண்டு. மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பது மக்களவை. மற்றொன்று மாநிலங்களவை. முதல் மக்களவை 1952 மே 13 அன்று டில்லியில் கூடியது. அப்போது அவை வட்ட வடிவக் கட்டடத்தில் கூடியது. 2023 செப்டம்பர் முதல் பக்கத்தில் உள்ள புதிய கட்டடத்தில் கூடுகிறது.

489 பேரில் 364 பேர் காங்கிரஸ் கட்சியினர். ஜவாஹர்லால் நேரு பிரதமர் ஆனார். எதிர்ப்பக்கத்தில் கம்யூனிஸ்ட் கட்சிக்கு 16 பேர். சோஷலிஸ்ட் கட்சிக்கு 12 பேர். கட்சி சாராத சுயேச்சைகள் 37 பேர். வேறு சிறிய கட்சிகளும் இருந்தன.

அந்த அவையில் பலவிதமான மக்கள் இருந்தார்கள்.

மேகநாத் சாஹா உலகப் புகழ் பெற்ற விஞ்ஞானி. கல்கத்தாவிலிருந்து வந்தார். ஏ.கே.கோபாலன் கண்ணூரிலிருந்து வந்த கம்யூனிஸ்ட் தலைவர். கிராய் முசாஹர் பீகாரிலிருந்து வந்தார். அவர் தீண்டாமைக் கொடுமைக்கு ஆளான சமூகத்தில் பிறந்தவர். நிலம் இல்லாத கூலித் தொழிலாளி. பஸ்தர் காட்டுப் பகுதி மக்கள் முச்சாகி கோசா என்ற பழங்குடியினரைச் சுயேச்சையாக அனுப்பினார்கள். விஞ்ஞானிக்கும் கூலித் தொழிலாளிக்கும் அவையில் ஒரே உரிமைதான். ஆளுக்கு ஒரு வாக்கு.

அப்போது 86 தொகுதிகளில் இரண்டிரண்டு உறுப்பினர்கள் உண்டு. தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் இடம் கிடைக்கவே இந்த ஏற்பாடு. பிரதமர் நேருவின் தொகுதியும் அப்படிப்பட்டதுதான். அவருடன் மசூரியா தீன் என்ற தாழ்த்தப்பட்ட சமூகத்தவரும் அதே தொகுதியில் வெற்றி பெற்றார். பிறகு 1961இல் சட்டம் மாறியது. இரண்டு உறுப்பினர் முறை நின்றது. தனித்தொகுதி முறை தொடர்ந்தது.

பெரியவர்கள் எல்லோரும் வெற்றி பெறவில்லை. அரசியல் சட்டத்தை எழுதிய குழுவின் தலைவர் டாக்டர் அம்பேத்கர். அவரே பம்பாயில் தோற்றார். பிறகு மாநிலங்களவைக்குச் சென்றார்.

பெண்கள் மிகக் குறைவு. நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை. ஆனால் வந்தவர்கள் திறமைசாலிகள். திண்டுக்கல்லிலிருந்து அம்மு சுவாமிநாதன் வந்தார். திருவனந்தபுரத்திலிருந்து ஆனி மஸ்கரீன் சுயேச்சையாக வென்றார். வங்காளத்திலிருந்து ரேணு சக்கரவர்த்தி வந்தார். ராஜகுமாரி அம்ருத் கவுர் சுகாதார அமைச்சர் ஆனார். டில்லியில் உள்ள பெரிய அரசு மருத்துவமனையான எய்ம்ஸ் அவர் முயற்சியால் உருவானது. அதற்கான சட்டம் 1956இல் வந்தது.

உறுப்பினரின் வேலை என்ன?

மக்களவை உறுப்பினரை எம்.பி. என்று சொல்கிறோம். அவருக்கு முக்கியமான வேலைகள் மூன்று.

முதல் வேலை, சட்டம் செய்வது. ஒரு சட்டத்தின் முன்வரைவுக்கு மசோதா என்று பெயர். மசோதாவை அவையில் விவாதிப்பார்கள். திருத்துவார்கள். பிறகு வாக்கெடுப்பு நடக்கும். இரண்டு அவைகளும் ஒப்புக்கொள்ள வேண்டும். கடைசியில் குடியரசுத் தலைவர் கையெழுத்திட்டால் அது சட்டம் ஆகும்.

இரண்டாம் வேலை, பணத்துக்குக் கணக்குக் கேட்பது. மக்களவையின் சம்மதம் இல்லாமல் அரசு புதிய வரி போட முடியாது. வரிப் பணத்தைச் செலவழிக்கவும் முடியாது.

மூன்றாம் வேலை, கேள்வி கேட்பது. அமைச்சர் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும். "செய்கிறோம்" என்று அமைச்சர் சொன்னால் மட்டும் போதுமா? சொன்னதைச் செய்தாரா என்று பார்க்க வேண்டாமா? அதற்காக 1953 டிசம்பரில் மக்களவை ஒரு குழு அமைத்தது. அமைச்சர்கள் கொடுத்த வாக்குறுதிகளை எழுதி வைத்து, நிறைவேறியதா என்று பார்ப்பதுதான் அந்தக் குழுவின் வேலை. அந்த முறை பிறகும் தொடர்ந்தது.

அவையை நடத்துபவர் சபாநாயகர். முதல் மக்களவையின் சபாநாயகர் ஜி.வி.மாவளங்கர். ஒருமுறை எதிர்க்கட்சியினர் அவர்மீதே குறை சொன்னார்கள். அவரை நீக்கத் தீர்மானம் கொண்டுவந்தார்கள். அது 1954 டிசம்பரில் நடந்தது. அவை அதையும் விவாதித்தது. தீர்மானம் தோற்றது. மாவளங்கர் 1956 பிப்ரவரியில் காலமானார். பிறகு திருப்பதித் தொகுதி உறுப்பினர் அனந்தசயனம் அய்யங்கார் சபாநாயகர் ஆனார்.

1954இல் உறுப்பினர்களுக்கு மாதம் 400 ரூபாய் சம்பளம் என்று சட்டம் செய்தார்கள். அவை கூடும் நாட்களில் நாளுக்கு 21 ரூபாய் படி.

வீட்டுக்குள் வந்த சட்டங்கள்

அந்த ஐந்து ஆண்டுகளில் செய்த பல சட்டங்கள் நம் வீட்டு வாசலுக்கே வந்தன.

தீண்டாமை பற்றிய சட்டம் 1955இல் வந்தது. கிணறு, கடை, ஓட்டல், கோயில் ஆகிய இடங்களில் தீண்டாமை காட்டுவது குற்றம் ஆனது. ஆறு மாதம் வரை சிறை, அல்லது 500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இந்தச் சட்டம் பிறகு 1976இல் மேலும் கடுமையாக்கப்பட்டது. பெயரும் மாறியது.

இந்து திருமணச் சட்டமும் 1955இல் வந்தது. அதற்கு முன் பல இடங்களில் ஓர் ஆண் எத்தனை பெண்களை வேண்டுமானாலும் மணக்கலாம். கைவிடப்பட்ட பெண்ணுக்கு வழி இல்லை. மனைவி இருக்கும்போது இன்னொரு திருமணம் செல்லாது என்று இந்தச் சட்டம் கூறியது. மணவிலக்குப் பெறும் உரிமையும் கிடைத்தது.

இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956இல் வந்தது. ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால், அவர் தாமாகச் சம்பாதித்த சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு என்றது. விதவைக்கும் பங்கு உண்டு. அந்தப் பங்கு அவருக்கே முழுச் சொந்தம்.

இந்தச் சட்டங்கள் எளிதாக வரவில்லை. முன்பே அம்பேத்கர் இதற்காகப் பாடுபட்டார். மசோதா நிறைவேறாமல் தள்ளிப் போனதால் 1951இல் அமைச்சர் பதவியையே விட்டார். புதிய மக்களவையிலும் கடுமையான எதிர்ப்பு இருந்தது. ஆளும் கட்சியிலும் எதிர்த்தவர்கள் உண்டு. பல நாட்கள் விவாதம் நடந்தது. கடைசியில் ஆதரவு வாக்குகளே அதிகம்.

ஒரு குறையும் இருந்தது. பரம்பரைக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகனுக்கு இருந்த பிறப்புரிமை மகளுக்குக் கிடைக்கவில்லை. தமிழ்நாடு 1989இல் தன் மாநிலத்துக்கு அந்தச் சட்டத்தைத் திருத்தியது. நாடு முழுவதற்கும் 2005இல்தான் திருத்தம் வந்தது. ஒரு மக்களவை விட்ட குறையைத் தீர்க்க ஏறத்தாழ 50 ஆண்டுகள் ஆயின.

ஒரு கேள்வியின் பலம்

பெரோஸ் காந்தி ஆளும் காங்கிரஸ் கட்சி உறுப்பினர். பிரதமர் நேருவின் மருமகன். அவர் பெரும்பாலும் பேசாமல் இருப்பார். 1955 டிசம்பரில் ஒருநாள் எழுந்தார். காப்பீட்டுக் கம்பெனியில் மக்கள் கட்டிய பணம் எப்படி முதலாளியின் சொந்த வியாபாரத்துக்குப் போனது என்று கணக்குகளுடன் எடுத்துச் சொன்னார். சொந்தக் கட்சி, சொந்த மாமனார் என்று பார்க்கவில்லை.

1956 ஜனவரியில் அரசு ஆயுள் காப்பீட்டுத் தொழிலைத் தன் பொறுப்பில் எடுத்தது. 245 தனியார் நிறுவனங்கள் ஒன்றாக இணைந்தன. 1956 செப்டம்பர் 1 அன்று எல்.ஐ.சி. பிறந்தது.

பெரோஸ் காந்தி இன்னொன்றும் செய்தார். நாடாளுமன்றத்தில் பேசுவதைப் பத்திரிகைகள் பயமில்லாமல் உண்மையாக வெளியிட ஒரு சட்டம் கொண்டுவந்தார். அமைச்சராக இல்லாத ஓர் உறுப்பினர் கொண்டுவந்த சட்டம் அது. உள்ளே நடப்பது வெளியே இருக்கும் மக்களுக்குத் தெரிய வேண்டும் அல்லவா?

அன்றும் இன்றும்

முதல் மக்களவை 677 நாட்கள் கூடியது. 1957 ஏப்ரல் 4 அன்று கலைக்கப்பட்டது. உறுப்பினர்கள் மறுபடி மக்களிடம் வந்தார்கள். சிலரை மக்கள் திருப்பி அனுப்பினார்கள். சிலரை வீட்டில் இருக்கச் சொன்னார்கள்.

வாக்களிக்கும் வயது 1989இல் 18 ஆகக் குறைந்தது. 2024 தேர்தலில் 543 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். அவர்களில் பெண்கள் 74 பேர். பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் ஒதுக்க 2023இல் அரசியல் சட்டம் திருத்தப்பட்டது.

அன்று படம் பார்த்து வாக்களித்தவர்கள் ஏமாளிகள் அல்ல. அவர்கள் அனுப்பியவர்கள்தான் இந்தச் சட்டங்களைச் செய்தார்கள். ஆனால் சட்டம் என்ன சொல்கிறது என்று அவர்களில் பலரால் படிக்க முடியவில்லை. மகளுக்குப் பங்கு உண்டு என்று தெரியாமலே பல பெண்கள் கையெழுத்து இடத்தில் விரல்ரேகை வைத்தார்கள்.

நீங்கள் இப்போது படிக்கிறீர்கள். சீட்டில் எழுதியதைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். வாக்காளர் பட்டியலை வாங்கிப் பாருங்கள். அதில் உங்கள் பெயரை நீங்களே தேடுங்கள். பெயர் இல்லாவிட்டால் படிவம் 6 எழுதிக் கொடுங்கள். பிழை இருந்தால் படிவம் 8 எழுதிக் கொடுங்கள்.

28 லட்சம் பெண்கள் சொல்லாமல் விட்டது தங்கள் பெயரை. உங்கள் பெயரை நீங்களே எழுதுங்கள்.

புதிய சொற்கள்

தொகுதி – ஓர் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் பகுதி
மசோதா – சட்டம் ஆவதற்கு முன் உள்ள வரைவு
சபாநாயகர் – அவையை நடத்துபவர்
சுயேச்சை – எந்தக் கட்சியும் சாராதவர்

விடை எழுதுங்கள்

1. முதல் தேர்தலில் பெட்டிகளில் ஏன் படம் ஒட்டினார்கள்?
2. 28 லட்சம் பெண்களின் பதிவுகள் ஏன் நீக்கப்பட்டன?
3. மக்களவை உறுப்பினரின் மூன்று வேலைகள் எவை?
4. 1956 வாரிசுரிமைச் சட்டம் மகளுக்கு என்ன கொடுத்தது? என்ன கொடுக்கவில்லை?

செய்து பாருங்கள்

உங்கள் தொகுதியின் பெயரையும் உங்கள் எம்.பி.யின் பெயரையும் எழுதுங்கள். உங்கள் ஊருக்கு மிகவும் தேவையான ஒன்றைப் பற்றி அவருக்கு நான்கு வரியில் கடிதம் எழுதுங்கள். கீழே உங்கள் முழுப் பெயரை எழுதிக் கையெழுத்திடுங்கள். அஞ்சலில் போடுங்கள்.