வாய்க்கால் வந்த ஊரும் வராத ஊரும்

மைசூரிலிருந்து பெங்களூரு செல்லும் தொடர்வண்டி மண்டியாவை நெருங்கும்போது இருபுறமும் கரும்பும் நெல்லும் பசுமையாய்த் தோன்றும். அவ்வயல்களுக்கு நீர் தருவது காவிரியின் குறுக்கே எழுந்த கிருஷ்ணராஜசாகர் அணை. 1911ஆம் ஆண்டு தொடங்கிய அணைப்பணி முடிய ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின. 1933இல் மண்டியாவில் சர்க்கரை ஆலையும் அமைந்தது. வானம் பார்த்த நிலத்தில் கேழ்வரகு விதைத்தவர்கள் கரும்பு பயிரிடலாயினர்.

இம்மாற்றத்தால் வீடுகளின் வருவாய் எவ்வாறு மாறியது என்பதை ஆராய, 1954இல் ஸ்கார்லெட் எப்ஸ்டீன் என்னும் அறிஞர் இங்கு வந்தார். அவர் வியன்னாவில் பிறந்து இங்கிலாந்தில் கல்வி கற்றவர். மண்டியாப் பகுதியில் இரண்டு சிற்றூர்களைத் தேர்ந்து, வீட்டு வரவு செலவுகளைக் கேட்டு எழுதினார். தம் நூலில் அவ்வூர்களுக்கு வங்காலா, தலேனா எனப் புனைபெயர் இட்டார். (வீட்டுக் கணக்கு ஊரறியக் கிடக்கலாகாது அல்லவா!)

வங்காலாவில் வாய்க்கால் நீர் பாய்ந்தது. தலேனா மேட்டில் இருந்ததால் அங்கு நீர் ஏறவில்லை. நீர் பெறாத ஊர் நலிந்திருக்கும் என்றே எவரும் எண்ணுவர். நிகழ்ந்தது வேறு. தலேனா மக்கள் மண்டியாவில் வேலை தேடினர், வணிகம் செய்தனர், பக்கத்து ஊர்களில் நஞ்சை வாங்கினர். வங்காலா மக்களோ உழவையே பெருக்கினர். அங்குப் பழைய வழக்கங்களும் மாறாது நின்றன.

அவற்றுள் ஒன்று கூலி முறை. ஆதிகர்நாடகக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக ஒரே நிலக்கிழார் வீட்டுக்கு உழைத்து, ஆண்டுதோறும் தானியம் பெற்றன. விளைச்சல் கூடினும் குறையினும் அதன் அளவு மாறாது. மழை பொய்த்த ஆண்டில் அத்தானியமே உயிர் காத்தது. வாய்க்கால் வந்தபின் விளைச்சல் உயர்ந்தது, அளவு உயரவில்லை. மிகுதி நிலமுடையோர் களத்திலேயே தங்கியது.

இதனை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்கலாம். ஐந்து வீடுகளின் வருவாய் முறையே 60, 50, 40, 30, 20 மூட்டை எனக் கொள்வோம். மொத்தம் 200, சராசரி 40. நீர் வந்தபின் அது 120, 80, 50, 30, 20 ஆகிறது. மொத்தம் 300, சராசரி 60. ஐந்தாம் வீட்டில் ஒரு படி கேழ்வரகும் குறையவில்லை. ஆயினும் அவ்வீட்டின் பங்கு பத்தில் ஒன்றிலிருந்து பதினைந்தில் ஒன்றாகச் சுருங்கிவிட்டது. சராசரியை மட்டும் காண்பவர் கண்ணில் இவ்வீடு படாது.

1970இல் எப்ஸ்டீன் அவ்வூர்களுக்கு மீண்டும் வந்தார். செல்வம் பெருகியிருந்தது, செல்வருக்கும் வறியவருக்கும் இடையிலான தொலைவும் பெருகியிருந்தது. அவர் கண்டவை 1973இல் நூலாக வெளிவந்தன.

சொற்பொருள்: நஞ்சை – நீர்வளமுள்ள விளைநிலம், களம் – கதிரடிக்கும் இடம், நிலக்கிழார் – நிலவுடைமையாளர்.

வினாக்கள்:
1. தலேனா மக்கள் வேறு தொழில்களை நாடியது ஏன்?
2. மாறாத தானியக் கூலி எவ்வாண்டில் நன்மையாயிற்று? எவ்வாண்டில் இழப்பாயிற்று?
3. கணக்கில் வரும் நான்காம் வீட்டின் பங்கு எவ்வளவு குறைந்தது?