தூரத்தைக் குறை, வேகத்தை விடாதே

திருப்பூர்

அன்புள்ள தம்பிக்கு,

ஜனவரியில் சென்னை மாரத்தான் ஓடப் பெயர் கொடுத்துவிட்டு, கடைசி மூன்று வாரமும் தூரத்தைக் கூட்டப் போவதாக எழுதியிருக்கிறாய். வேண்டாம். இனிமேல் சேர்க்கும் கிலோமீட்டர் பந்தயத்துக்குள் பலமாக மாறாது, களைப்புதான் மிஞ்சும். நம் பனியன் வேலையிலேயே பார், காம்பாக்டிங்கில் அழுத்திச் சுருக்கி ரோலாக வந்த துணியை யாரும் உடனே வெட்டுவதில்லை. பிரித்து ஆறப்போடாமல் வெட்டினால் அளவு சுருங்கி பீஸ் ரிஜெக்ட் ஆகும். உடம்புக்கும் அந்த அவகாசம் வேண்டும்.

குறைத்தால் ஏற்றிய ஸ்டாமினா இறங்கிவிடாதா என்கிறாய். 2007இல் போஸ்கே என்ற ஆய்வாளரின் குழுவினர், பந்தயத்துக்கு முன் பயிற்சியைக் குறைப்பது பற்றிய 27 ஆய்வுகளைச் சேர்த்து அலசினார்கள். சுமார் இரண்டு வாரம் பயிற்சி அளவை 41 முதல் 60 சதவீதம் குறைத்து, வேகத்தையும் பயிற்சி நாட்களையும் மாற்றாமல் விட்டபோதுதான் பலன் அதிகம். அப்படியானால் முழுசாகப் படுத்துவிடலாமே என்றும் தோன்றும். 1992இல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஒரே ஓட்டக்காரர்களை மூன்று விதமாகச் சோதித்தார்கள். முழு ஓய்வு பயன் தரவில்லை. தூரத்தை வெகுவாகக் குறைத்து வேகமாக ஓடியபோது தாக்குப்பிடிக்கும் நேரம் 22 சதவீதம் கூடியது. இதெல்லாம் தேர்ந்த வீரர்களுக்கு என்று ஒதுக்காதே. 2021இல் வெளியான ஓர் ஆய்வு 1,58,000க்கும் மேற்பட்ட சாதாரண மாரத்தான் ஓட்டக்காரர்களின் பதிவுகளைப் பார்த்தது. மூன்று வாரம் ஒழுங்காகக் குறைத்தவர்கள், பெயரளவுக்குக் குறைத்தவர்களைவிட ஐந்தரை நிமிடம்போல முந்தினார்கள். பயிற்சியில் ஒழுங்கானவர்தான் குறைப்பதிலும் ஒழுங்காக இருப்பார், ஆகவே முழுப் பெருமையும் இதற்கே சேராது. ஆனாலும் குறைத்ததால் கெட்டார்கள் என்று சொல்ல இடமில்லை.

நம் ஊரில் இதைவிடப் பெரிய சிக்கல் ஷிப்மெண்ட் நேரத்து ஓவர்டைம். பயிற்சி அட்டவணை போடுகிறவர்கள் நாற்காலி வேலைக்காரனை நினைத்துப் போடுகிறார்கள். ஒன்றரை ஷிப்டு பேக்கிங்கில் நிற்கிறவனின் காலுக்கு வேலை வேறு, ஓட்டம் வேறு என்று தனிக்கணக்கு கிடையாது. ஓவர்டைமை விடு என்று சொல்லமாட்டேன். உன் வாடகையை நானா கட்டப்போகிறேன்? நின்ற நேரத்தையும் பயிற்சியாகக் கணக்கில் வை. வாரம் 60 கிலோமீட்டர் ஓடுகிறாய் என்றால் 45, 35, கடைசி வாரம் 20 என்று இறக்கு. ஷிப்மெண்ட் குறுக்கிட்டால் இன்னும் இறக்கு, ஆனால் பந்தய வேகத்தில் நாலு கிலோமீட்டரையாவது வாரம் ஒருமுறை விடாதே. மிச்சமான விடிகாலையைத் தூங்கிக் கழி, ஜிம்முக்குப் போகாதே. தூரத்தைக் குறைக்கும் இந்த நாட்களில் கால் கனக்கும், இல்லாத வலி இருப்பதாகத் தோன்றும். சோதித்துப் பார்க்கிறேன் என்று நீள ஓட்டம் ஓடிவிடாதே. கடைசி மூன்று நாள் உட்கார்ந்து பிசிறு வெட்டும் வேலைக்கு மாற்றித் தர முடியுமா என்று சூப்பர்வைசரை இப்போதே கேட்டு வை.

அன்புடன்,
அண்ணன்