இரயிலுக்கும் ஒரு மதிப்பெண் பட்டியல்

காலாண்டுத் தேர்வு முடிந்ததும் உங்கள் கைக்கு ஒரு மதிப்பெண் பட்டியல் வருகிறது. நாட்டையே சுமந்து ஓடும் இரயில்வேக்கும் அப்படி ஒன்று உண்டு. அதைப் படிக்கும் முறையைச் சிறிது காண்போம்.

இரயில்வே எவ்வளவு வேலை செய்கிறது என்பதை அறியத் தலைகளை எண்ணினால் போதாது. தாம்பரத்திலிருந்து கடற்கரைக்குப் போகிறவரும், கன்னியாகுமரியிலிருந்து டில்லிக்குப் போகிறவரும் ஒன்றல்லவே! ஆகையால் ஒருவரை ஒரு கிலோமீட்டர் கொண்டு செல்வதை ஒரு 'பயணி-கிலோமீட்டர்' என்கிறார்கள். சரக்குக்கு 'டன்-கிலோமீட்டர்'. 2019-20ஆம் ஆண்டில் நம் இரயில்வேயில் ஏறத்தாழ 808 கோடிப் பயணங்கள். 1,05,000 கோடி பயணி-கிலோமீட்டர். வகுத்துப் பாருங்கள், ஒரு பயணத்தின் சராசரித் தூரம் 130 கிலோமீட்டர்.

அடுத்து செலவு. நூறு ரூபாய் சம்பாதிக்க எவ்வளவு செலவாகிறது என்பதே கணக்கு. 2017-18இல் அது 98 ரூபாய் 44 காசு. ஆனால் இரண்டு அரசு நிறுவனங்கள் கொடுத்த முன்பணமும் அவ்வாண்டு வரவில் சேர்ந்திருந்ததைத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் எடுத்துக் காட்டினார். அதை நீக்கினால் செலவு 102 ரூபாய் 66 காசு! நாளைக்கு வைத்த அரிசியை இன்றே உலையில் போட்ட கதைதான்.

அதற்காக நட்டம் என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். பயணச் செலவில் சராசரியாக 57 சதவீதமே கட்டணமாக வசூலாகிறது என்று பயணச் சீட்டிலேயே அச்சிட்டிருந்தார்கள். மீதியைப் பெரும்பாலும் சரக்கு வண்டிகளின் வருவாய் ஈடுசெய்கிறது. ஏழைக்கும் எட்டும் கட்டணம் வேண்டுமென்றால் யாராவது அந்த மீதியைச் சுமக்கத்தானே வேண்டும்? நம் பள்ளிக்கூடமும் லாபத்திற்காக நடப்பதில்லை.

எனக்கு மிகவும் பிடித்த பாடம் நேரந்தவறாமை. வண்டி சரியான நேரத்துக்கு வந்ததா என்பதைக் கடைசி நிலையத்தில் மட்டுமே அளந்தார்கள் என்று 2022இல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தணிக்கை அறிக்கை குறை கூறியது. இதில் என்ன தவறு என்கிறீர்களா? கால அட்டவணையில் கடைசிக் கட்டத்துக்குக் கொஞ்சம் நேரத்தைத் தாராளமாகவே ஒதுக்கியிருப்பார்கள். விருத்தாசலத்துக்கு நாற்பது நிமிடம் தாமதமாக வந்த வண்டி, ஓடிப் பிடித்து, எழும்பூருக்குச் சரியான நேரத்தில் வந்து சேர்ந்துவிட்டதென்று வைத்துக்கொள்வோம். பட்டியலில் முழு மதிப்பெண். விருத்தாசலத்தில் கைக்குழந்தையுடன் இறங்கிக் கடைசிப் பேருந்தைத் தவறவிட்ட தாயோ அந்தக் கணக்கில் வரவே மாட்டாள். இடையில் இறங்குகிறவர்கள் எத்தனை ஆயிரம் பேர்!

விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது கால அட்டவணை ஒன்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எழும்பூரிலிருந்து தாம்பரம் போக எத்தனை நிமிடம், அதே வண்டி திரும்பும்போது தாம்பரத்திலிருந்து எழும்பூர் வர எத்தனை நிமிடம் என்று குறித்துக்கொள்ளுங்கள். தூரம் ஒன்றுதான். பள்ளி திறந்ததும் இரண்டு எண்களையும் என்னிடம் காட்டுங்கள்.