டால்பின்களோடு நீந்தப் போகிறீர்களா?

நியூசிலாந்தின் கைகோராவில் டஸ்கி வகை டால்பின்களோடு திறந்த கடலில் நீந்தலாம். கரையை ஒட்டியே ஆழ்கடல் பள்ளம் இருப்பதால் அவை இரவில் அங்கே இரை தேடும். பகலில் கரையோரம் வந்து இளைப்பாறும், விளையாடும். முன்பதிவு அவசியம். அங்கே கோடை டிசம்பர் முதல் பிப்ரவரி வரை. அப்போதும் தண்ணீர் சில்லென்றுதான் இருக்கும். உடலை ஒட்டிய ரப்பர் நீச்சலுடையைப் படகுப் பயணம் நடத்துபவர்களே தருவார்கள். வாந்தி வரும் உடல்வாகு என்றால், படகேறும் முன்பே மருத்துவர் சொன்ன மாத்திரையைப் போட்டுக்கொள்ளுங்கள். படகு ஆடத் தொடங்கியபின் போட்டுப் பயனில்லை.

நீரில் இறங்கியதும் துரத்தாதீர்கள், தொடக் கை நீட்டாதீர்கள். மூச்சுக்குழாய் வழியே ஏதாவது பாட்டை முனகுங்கள். ஆர்வம் வந்தால் அவையே உங்களைச் சுற்றிவரும். நீச்சல் தெரியாதவர்கள் படகிலிருந்து பார்க்கத் தனிச் சீட்டு உண்டு, விலையும் குறைவு. அதுவும் அருமையான காட்சிதான்.

கூட்டத்தில் குட்டிகள் இருந்தால் நீந்த அனுமதியில்லை. வழிகாட்டி ‘வேண்டாம்’ என்று சொன்னால் வற்புறுத்தாதீர்கள். ஹவாயில் பகலில் உறங்கும் ஸ்பின்னர் டால்பின்களை மனிதர்கள் ஓயாமல் தொந்தரவு செய்ததால், 2021 முதல் அவற்றோடு நீந்தவும், சுமார் 45 மீட்டருக்குள் நெருங்கவும் தடை வந்துவிட்டது.

தொட்டியில் அடைத்து வைத்து, முத்தம் கொடுக்க வைத்துப் படமெடுக்கும் இடங்களுக்குத் தயவுசெய்து பணம் கட்டாதீர்கள். இந்தியா 2013-லேயே அத்தகைய காட்சிக்கூடங்களுக்கு அனுமதி மறுத்துவிட்டது.