பக்கத்தைப் பற்றலும் விடலும்

தமிழ் பயிலும் நமக்குக் கணிப்பொறியின் உள்ளமைப்பு எற்றுக்கு என வினவுவார் உளர். நாம் எழுதும் கட்டுரையும் இன்று அதன் நினைவகத்திலேயே தங்குதலின், அங்கு நிகழும் காவலை ஒருசிறிது அறிதல் நலமாம்.

நினைவகம் பக்கங்களாகப் பகுக்கப்பட்டுள்ளது. பெரும்பாலான கணிப்பொறிகளில் ஒரு பக்கத்தின் அளவு 4096 பைட்டு. நிரலொன்று தன் பக்கத்தைக் குறிக்கும் முகவரி வேறு. அப்பக்கம் மெய்யாக உறையும் இடம் வேறு. இவ்விரண்டையும் இணைக்கும் அட்டவணை, இயக்க முறைமையின் கருவாகிய கெர்னலின் ஆளுகையில் உள்ளது. இடம் குறையுங்கால் கெர்னல் ஒரு பக்கத்தை வட்டிற்கு அனுப்பும். வேறிடத்திற்கு மாற்றுதலும் உண்டு. அட்டவணையும் உடன் திருத்தப்படுதலின் நிரல் அதனை உணராது.

வட்டு, வலையட்டை முதலிய கருவிகளின் நிலை வேறு. அவை மையச் செயலியின் துணையின்றித் தாமே நினைவகத்தில் எழுத வல்லன. ஆனால் அவை நிரலின் அட்டவணையைப் பெரும்பாலும் நோக்குவதில்லை; தொடக்கத்திற் சுட்டப்பட்ட இடத்திலேயே எழுதும். விடுதித் தலைவர் ஒரு மாணவரை வேறறைக்கு மாற்றித் தம் ஏட்டிற் குறித்துக்கொள்கின்றார் எனக் கொள்வோம். பொதி கொணரும் ஆளோ ஏட்டைப் பாராது, முன்பு சொல்லிய அறையிலேயே பொதியை இட்டுச் செல்கின்றான். அஃது இப்போது பிறருடைய அறை. நினைவகத்தில் இது நேரின், ஒருவர் தரவின்மீது மற்றொருவர் தரவு எழுதப்பட்டுக் கெடும்.

இத்தீங்கைத் தடுக்கவே, கருவி தன் பணியை முடிக்குமளவும் பக்கம் பூட்டப்படுகின்றது. லினக்ஸ் கெர்னலில் நெடுங்காலம் இதற்குக் 'கெட் யூசர் பேஜஸ்' என்னும் செயற்கூறே வழங்கிற்று. அது பக்கத்தின் பற்றெண்ணை ஒன்று கூட்டும். அவ்வெண் நீங்குமளவும் பக்கம் பிறர்க்கு வழங்கப்படாது. இது போதாதோ எனின், போதாது என்க. கோப்பிற்குரிய பக்கமாயின், கோப்பு முறைமை அதனை வட்டில் எழுதி முடித்து, இனி எழுதவேண்டிய மாற்றம் இல்லை எனக் குறித்துவிடும். கருவியோ அதன் பின்னும் அதில் எழுதிக்கொண்டிருத்தல் கூடும். அம்மாற்றம் கணக்கில் வாராமையால் தரவு கெடும். கெர்னலே நிலைகுலைதலும் உண்டு. பக்கத்தைப் பற்றியோர் எதன்பொருட்டுப் பற்றினர் என அறிய வழியின்மையே இதன் காரணம்.

2020-ஆம் ஆண்டில் வெளிவந்த லினக்ஸ் 5.6 இக்குறையை நீக்கப் 'பின் யூசர் பேஜஸ்' என்னும் புதிய செயற்கூற்றைத் தந்தது. சாதாரணத் தனிப்பக்கமாயின், இது பற்றெண்ணை ஒன்றாலன்றி 1024-ஆற் கூட்டும். எண் அத்துணைப் பெரிதாயிருத்தலைக் காணும் கெர்னலின் பிற பகுதிகள், அப்பக்கத்திற் கருவி தொழில்செய்தல் கூடும் என உய்த்துணரும். பணி முடிந்தபின், கருவி எழுதிய பக்கத்தை மாறியது எனக் குறித்துப் பூட்டைத் திறத்தல் வேண்டும். திறக்க மறப்பின் அப்பக்கம் வேறெதற்கும் உதவாது முடங்கிக் கிடக்கும்; இது பற்றியே பூட்டத்தக்க அளவிற்கு வரம்பு வைக்கப்படுகின்றது.

ஆகவே, ஒன்றைப் பற்றிக்கொள்ளுதல் மட்டும் காவலாகாது. எதன்பொருட்டுப் பற்றினோம் எனப் பிறர் அறியச் செய்தலும், தொழில் முடிந்தவுடன் விடுதலும் சேர்ந்தே காவலாம். பொதுவுடைமையைக் கையாளும் நமக்கும் இது பொருந்துமன்றோ?