ஈடு காட்ட இயந்திரம் இல்லாத தொழில்

புனேயை அடுத்த சிஞ்ச்வட்டில் கடைசல் பட்டறை நடத்துபவர் கடன் கேட்டு வங்கிக்கு வந்தால், ஈடாகக் காட்ட அவரிடம் இயந்திரம் இருக்கும். கையிருப்பில் இரும்பு இருக்கும். வாகன ஆலை அளித்த கொள்முதல் ஆணையும் இருக்கும். கணினி விளையாட்டு உருவாக்கும் இளைஞர் வந்தால், அவரால் காட்ட முடிவது சில கணினிகளும் பாதி முடிந்த ஒரு விளையாட்டுமே. அத்தகைய தொழிலுக்கு நிதி எவ்வாறு அமைய வேண்டும் என்பதை, உண்மையில் நிகழ்ந்த மூன்று வரலாறுகளின் துணைகொண்டு காண்போம்.

புனேயின் ‘ராஜி’

புனேயைச் சேர்ந்த நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் என்னும் சிறு நிறுவனம், நம் புராணங்களைத் தழுவி ‘ராஜி’ என்ற விளையாட்டை உருவாக்கியது. அசுரர்கள் கவர்ந்து சென்ற தம்பியைத் தேடிச் செல்லும் ஒரு பெண்ணின் கதை அது. 2017இல் கிக்ஸ்டார்ட்டர் தளத்தின் வழியே பொதுமக்களிடம் நிதி திரட்ட முயன்றனர். குறித்த நாளுக்குள் இலக்குத் தொகை முழுவதும் சேராவிட்டால் எதுவுமே கைக்கு வராது என்பது அத்தளத்தின் விதி. இலக்கு எட்டப்படவில்லை. பணி நின்றுவிடாதிருக்க, நிறுவனர்களுள் ஒருவர் தம் அடுக்குமாடி வீட்டையே விற்றார்.

2020 ஆகஸ்டில் விளையாட்டு வெளிவந்தது. அவ்வாண்டே உலக அளவிலான ‘தி கேம் அவார்ட்ஸ்’ விருதில், சிறந்த அறிமுகப் படைப்புக்கான பரிந்துரைப் பட்டியலிலும் இடம்பெற்றது. வெற்றி மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும் குடியிருக்கும் வீட்டைத் தொழிலுக்கு முதலாக்குவது எல்லோரும் பின்பற்றத்தக்க வழியன்று.

மெய்நிகர் உலகின் இரு பாடங்கள்

தலையில் அணியும் கருவி வழியே ஆடப்படும் மெய்நிகர் விளையாட்டுகளில் ஏற்ற இறக்கம் இன்னும் மிகுதி. செக் நாட்டுத் தலைநகர் பிராகில் இயங்கும் பீட் கேம்ஸ், 2018 மே மாதம் ‘பீட் சேபர்’ விளையாட்டை வெளியிட்டது. ஓராண்டுக்குள் 10 லட்சம் படிகள் விற்றன. 2019 நவம்பரில் ஃபேஸ்புக் அந்நிறுவனத்தை வாங்கியது.

அமெரிக்காவில் 2003இல் தோன்றிய ரெடி அட் டான் நிறுவனத்தையும் 2020இல் அதே ஃபேஸ்புக் வாங்கியது. ‘லோன் எக்கோ’ போன்ற புகழ்பெற்ற மெய்நிகர் விளையாட்டுகளைப் படைத்திருந்தும், 2024இல் அது மூடப்பட்டது. ஒரே பெருநிறுவனத்தின் முடிவைச் சார்ந்து நிற்பதன் இடர் இது. ஒரே வாகன ஆலைக்கு மட்டும் உதிரிபாகம் செய்து தரும் சிஞ்ச்வட் பட்டறைகளுக்கு இவ்விடர் புதியதன்று.

கணக்கு சொல்வது

எடுத்துக்காட்டாக, 12 விழுக்காடு வட்டியில் 30 லட்சம் ரூபாய் கடன் பெறுவதாகக் கொள்வோம். அசலைத் திருப்புவதற்கு மூன்றாண்டு அவகாசம் கிடைத்தாலும், வட்டி மட்டும் மாதம் 30,000 ரூபாய். விளையாட்டு வெளிவரும் வரை வருவாய் இல்லையெனில், மூன்றாண்டுகளில் 10.8 லட்சம் ரூபாய் வட்டியாகவே சென்றுவிடும். எனவே உருவாக்கக் காலச் செலவைப் பங்கு முதலீடு, வெளியீட்டாளர் தரும் முன்பணம், பிறருக்குச் செய்து தரும் ஒப்பந்தப் பணி ஆகியவற்றால் ஈடுகட்டுவதே முறை. கணினி வாங்கவும், ஒப்பந்தப் பணியில் வரவேண்டிய தொகை வரும்வரை சமாளிக்கவும் வங்கிக் கடன் பொருத்தமானது.

ஈடு இல்லாத குறு, சிறு தொழில்களுக்காக நடுவண் அரசும் சிட்பியும் இணைந்து 2000இல் கடன் உத்தரவாத நிதி அறக்கட்டளையை நிறுவின. 2025 ஏப்ரல் முதல், விதிகளுக்கு உட்பட்டு 10 கோடி ரூபாய் வரையிலான கடனுக்கு அதன் உத்தரவாதம் கிடைக்கிறது. இங்கே ஒன்றைத் தெளிவாக உணர்தல் வேண்டும். அவ்வுத்தரவாதம் வங்கியின் இழப்பில் ஒரு பகுதியை ஈடுசெய்வதற்கே. கடன் பெற்றவரின் பொறுப்பு அதனால் சிறிதும் குறைவதில்லை.

ஆகவே, இத்தகைய தொழிலில் இறங்கும் வாடிக்கையாளர்கள் மூன்று வினாக்களுக்கு எழுத்தில் விடை வைத்திருத்தல் நலம். வருவாய் தொடங்கும் வரை எத்தனை மாதச் செலவுக்குப் பணம் உள்ளது? விற்பனையில் எவ்வளவு பங்கு ஒரே நிறுவனத்தைச் சார்ந்துள்ளது? முயற்சி பொய்த்தால் குடும்பத்தின் எச்சொத்தைத் தொடுவதில்லை என்று முடிவு செய்துள்ளோம்? இவ்விடைகளுடன் கிளைக்கு வருவோரிடம், ஈடு காட்ட இயந்திரம் இல்லையெனினும், கடனைப் பற்றிப் பேசுவதற்கு உறுதியான அடிப்படை ஒன்று இருக்கும்.